சாமி மலையேறணும்

"என்னா புள்ள, சாமி வந்திருச்சா?"

விடியக்காலை நாலரை மணிக்கு, எங்க லயத்துக் காம்பராவில் அம்மா கேட்ட கேள்வி இது. பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அடுப்பு பத்த வைக்க எழும்பினவங்க, நான் பாயில உட்கார்ந்து உதறிக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டாங்க. விரல் ரெண்டு கையிலயும் விறைச்சுப் போயிருந்துச்சு, உதடு மரத்துப் போயிருந்துச்சு. முன்னால ஃபோனில் ஒருத்தர், "வேகமா, இன்னும் வேகமா, நிறுத்தாதீங்க" என்று மூச்சுவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டலினி வகுப்பு. அன்றைக்கு ஆறாவது நாள்.

நான் சக்தியைத் தேடிப் போனவள் இல்லை, தூக்கத்தைத் தேடிப் போனவள். 2014இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள்ள போன கதையைக் கேட்டு வளர்ந்தவங்க நாங்க. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டம் முழுக்க மலை சரிஞ்சபோது அந்தக் கதை எங்க வாசலுக்கே வந்துடுச்சு. அதுக்குப் பிறகு தகரத்துல மழைச் சத்தம் கேட்டாலே நான் எழும்பி உட்கார்ந்துடுவேன். பதுளையில கிளினிக்குக்குப் போனேன், மாத்திரை கொடுத்தாங்க, கொஞ்சம் தூக்கமும் வந்துச்சு. அப்புறம்தான் இந்த வகுப்பு. "மாத்திரை சக்தியைத் தடுக்கும்" என்றார்கள். யாருக்கும் சொல்லாம நிறுத்திட்டேன்.

கை விறைச்சதைக் குழுவில் எழுதினேன். "நல்ல அறிகுறி, சக்தி ஏறுது, தொடருங்க" என்று பதில் வந்தது. அடுத்த நாலு இரவும் நான் கண் மூடவே இல்லை.

அம்மா ஒருநாள் சம்பளத்தை விட்டுட்டு என்னைத் திரும்பக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாங்க. டொக்டர் திட்டவில்லை. வேகமா மூச்சுவிட்டா இரத்தத்துல கரியமிலவாயு குறையும், அதனாலதான் விரல் விறைக்கும், உதடு மரக்கும், தலை சுத்தும் என்று விளக்கினார். நான் சக்தி என்று நினைச்சது அதைத்தான். மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினதுதான் பெரிய பிழை என்றார். ஆனால் யோகா வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

அதுக்குப் பிறகுதான் உட்கார்ந்து வாசிச்சேன். முதுகுத்தண்டின் அடியில் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும் ஆற்றல் குண்டலினி, பயிற்சியால அது மேலே ஏறும் என்பது யோக மரபு. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமே யோகத்துக்குத்தான். அதே மரபுக்குள்ளேயே எச்சரிக்கையும் இருக்கு. காஷ்மீரைச் சேர்ந்த கோபி கிருஷ்ணா, குருவின் துணை இல்லாம வருசக்கணக்கா தியானம் செஞ்சவர். 1937இல் குண்டலினி எழுந்ததாக அவர் உணர்ந்தபோது ஆனந்தம் நிலைக்கவில்லை. உடம்பு எரிஞ்சது, தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கலை. அதையெல்லாம் பின்னாடி அவரே புத்தகமா எழுதினார். தமிழ்நாட்டு வேதாத்திரி மகரிஷி பரப்பிய எளியமுறை குண்டலினி யோகத்தில், ஆக்கினைத் தவத்தோடு சாந்தி தவமும் சொல்லித் தருவார்கள். ஏறினதை இறக்கி வைக்கிறதுக்கு அது.

பலன் இல்லையா? இருக்கு. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பதற்றநோய் உள்ள 226 பேரை எடுத்துக்கொண்டார்கள். 12 வாரம் குண்டலினி யோகா செய்தவர்களில் 54 சதவீதம் பேர் தேறினார்கள். மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 சதவீதம். உளச்சிகிச்சை பெற்றவர்களிலோ 71 சதவீதம். எனக்கு இது சொன்னது ஒன்றுதான்: யோகா உதவும், ஆனால் சிகிச்சையின் இடத்தை அது பிடிக்காது.

அதனால நீங்களும் தொடங்குறதா இருந்தா சொல்றேன். கர்ப்பிணிகள், இரத்த அழுத்தம், இருதய நோய், வலிப்பு, கண் அழுத்தம் உள்ளவங்க வேக மூச்சையும் மூச்சை அடக்குறதையும் தவிர்க்கணும். மனநோய்க்கு மருந்து எடுக்கிறவங்க, முன்னாடி மனம் குழம்பினவங்க டொக்டரைக் கேட்காம தீவிரப் பயிற்சிக்குள்ள இறங்க வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்ற வகுப்பை அன்றைக்கே விட்டுடுங்க.

அம்மா கேட்ட கேள்வி இன்னும் மனசுல நிக்குது. எங்க மாரியம்மன் திருவிழாவில் சாமி வந்து ஆடுற பொம்பளையை யாரும் தனியா விடமாட்டாங்க. பின்னால ரெண்டு பேர் தாங்கிப் பிடிப்பாங்க. பூசாரி திருநீறு போடுவார், தண்ணி தெளிப்பார். சாமி மலையேறின பிறகு உட்கார வச்சு, தேத்தண்ணி கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. ஏத்தி விட்டவங்களுக்கு இறக்கி விடவும் தெரியும். என் ஃபோனுக்கு அது தெரியலை.

இப்ப மாத்திரையும் எடுக்கிறேன், மூச்சுப் பயிற்சியும் செய்றேன். பத்து நிமிசம், மெதுவா, உள்ள இழுக்கிறதைவிட வெளிய விடுறது நீளமா. கொழுந்துக் கூடையை இறக்கி வச்சுட்டு வந்து அம்மாவும் பக்கத்துல உட்காருவாங்க.

"சக்தி ஏறுதாம்மா?" என்று நேத்து கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாது புள்ள. முதுகு கொஞ்சம் லேசா இருக்கு" என்றாங்க.