சொட்டுக் கணக்கு

வைணவ இலக்கியம் பயின்றோருக்குத் திருப்புட்குழி என்றதும் சடாயுவே நினைவுக்கு வருவார். புள்ளரசனுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய குழி என்பது ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் தரும் விளக்கம். 108 திவ்வியதேசங்களுள் ஒன்று. இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்ட இடம் என்பதும் மரபு. மடியில் கட்டிய வறுத்த பயறு முளைத்தால் பிள்ளைப்பேறு உண்டு என்று நம்பி வரும் பெண்களை இன்றும் கோயிலில் காணலாம்.

லாரி ஓட்டுநர்களுக்கோ இவ்வூர் வேறு. பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிச் செல்லும் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில், தேநீர்க்கடைகளுக்கும் டயர்க் கடைகளுக்கும் நடுவே, பம்பும் நாசிலும் பார்க்கும் சிறு கொட்டகை ஒன்று அவர்களுக்குத் தெரியும். இக்கட்டுரை அந்தக் கொட்டகையைப் பற்றியது. தமிழாசிரியருக்கு எஞ்சினோடு என்ன வழக்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நம் தமையனார் தறியை விட்டுவிட்டுப் பழைய லாரி ஒன்றைக் கடனில் வாங்கினார். கடன் பத்திரத்தில் பிணைக் கையெழுத்து நம்முடையது. வழக்கு அவ்வளவே.

அது டாடா 697 எஞ்சின் பூட்டிய வண்டி. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர் என்பதே அந்த எண்ணின் பொருள். 1954 முதல் 1969 வரை டெல்கோ நிறுவனத்துக்கும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுக்கும் இருந்த ஒப்பந்தத்தின் வழித்தோன்றல் என்று இந்த எஞ்சினைச் சொல்லலாம். அதன் பக்கவாட்டில், ஆறு மெல்லிய உருக்குக் குழாய்களைத் தலையில் சூடிக்கொண்டு அமர்ந்திருக்கும் இரும்புப் பெட்டியே பம்ப். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயர் 2008-ல் பாஷ் என மாறிய பின்னரும், பட்டறைகளில் அது 'மைக்கோ பம்ப்'தான்.

2012 செப்டம்பரில் டீசல் விலை ஒரே நாளில் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறி, நம் பக்கத்தில் ஐம்பது ரூபாயை ஒட்டி நின்றது. தமையனாரின் வண்டி அப்போது லிட்டருக்கு 3.3 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. மாதம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டம். கடன் தவணை கட்டியபின் கையில் நிற்பது ஏதுமில்லை. இரண்டு தவணை தவறியபோது நிதிக்கடையிலிருந்து நம் கல்லூரிக்கே ஆள் வந்தார். வாடகை போதவில்லை என்றார் தமையனார். வண்டியில் இழுவை போதவில்லை என்றார் ஓட்டுநர். உரிமையாளருக்கு மைலேஜ் வேண்டும், ஓட்டுபவருக்கு இழுவை வேண்டும். இவை ஒன்றையொன்று தின்னும் என்பது இருவருக்குமே முடிந்த முடிபு. அது முழு உண்மையன்று என்பதை நாம் அந்தக் கொட்டகையில்தான் கண்டோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கினால் அது தானே கொதிக்கும். அக்காற்றில் டீசலைப் புகையினும் நுண்ணிதாகத் தெளித்தால் தானே பற்றும். 1897-ல் ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை ஓட்டிக் காட்டியபோது, டீசலை உள்ளே ஊதுவதற்கே தனியாக ஒரு காற்றழுத்தி தேவைப்பட்டது; அதைச் சுமந்துகொண்டு வண்டி ஓடுவது கடினம். 1927-ல் ராபர்ட் பாஷ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பம்ப்தான் டீசல் எஞ்சின் சாலைகளில் பரவப் பெருங்காரணம். நம்மை வியக்க வைத்தது அதன் அளவு. 697-ல் ஒரு சிலிண்டர் ஒரு முறை இழுக்கும் காற்று ஏறத்தாழ ஒரு லிட்டர். அதற்கு முழுச் சுமையில் செல்லும் டீசல் ஏறத்தாழ ஒரு சொட்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்துக்கு ஆயிரம் சொட்டு. பதினாறு டன் வண்டி நகர்வது இந்தச் சொட்டில்தான்.

கொட்டகைக்காரரை எல்லோரும் 'பாய்' என்றே அழைப்பர். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். பம்பை உடனே இறக்குவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ முதலில் பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். பிரேக் உரசியது. காற்று வடிகட்டியை வெளியே எடுத்துத் தட்டினார். குவாரித் தூள் கால்படி கொட்டியது. டயர்க் காற்று, டேப்பெட் இடைவெளி, டீசல் குழாய்க் கசிவு என்று அரைநாள் சென்றது. "ஜனங்க எல்லாத்துக்கும் பம்ப்பத்தான் திட்டறாங்க சார்" என்றார். நோயாளி சொல்லும் நோயை விட்டுவிட்டு நாடி பிடிக்கும் மருத்துவர் போல.

பிறகு நாசில்கள். ஒவ்வொன்றாகக் கைப்பம்பில் பூட்டி அழுத்தினார். சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் நாசில் திறக்க வேண்டும். திறக்கும்போது கரகரவென்று ஒரு குரல் எழும். நல்ல நாசில் மூச்சுவிட்ட பனி போலத் தெளித்துவிட்டு, சுத்தமாக வாய்மூடும். ஆறில் இரண்டு வாய்மூடாமல் ஒழுகின. ஒழுகும் டீசல் பனியாவதில்லை. காற்றோடு கலவாமல் பிஸ்டன் தலையில் கரியாகி, வழிந்து, எண்ணெய்த் தொட்டியில் சேரும். காசு கொடுத்து வாங்கிய டீசல் எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்வதற்குப் பயன்படுகிறது.

பம்பை மேடையில் ஏற்றியதும் கண்ட காட்சியை எளிதில் மறக்க இயலாது. ஆறு கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. பம்பை மின்விசையால் சுழற்றி, குறித்த எண்ணிக்கைத் தெளிப்புகளை அவற்றில் பிடிக்கிறார்கள். ஆறிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். எங்கள் பம்பில் மூன்றாவதும் ஐந்தாவதும் உயர்ந்தும், இரண்டாவது வெகுவாகத் தாழ்ந்தும் நின்றன. அதாவது இரண்டு சிலிண்டர்கள் தின்ன மாட்டாமல் கரும்புகை கக்க, ஒன்று பட்டினியில் கிடந்து மற்றவற்றுக்குச் சுமையாகச் சுழன்றிருக்கிறது. மைலேஜும் இழுவையும் ஒரே ஓட்டையில் போய்க்கொண்டிருந்தன. பாவு ஓடும்போது தளர்ந்த இழைகளை விரல் தடவியே கண்டுபிடிக்கும் நம் தந்தையார் இருந்திருந்தால், இந்தக் குழாய்களை நம்மினும் விரைவாகப் படித்திருப்பார்.

தேய்ந்த எலிமென்ட்டை மாற்றினார். எலிமென்ட் என்பது ஓர் உருளையும் அதற்குள் ஏறி இறங்கும் தண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. ஒன்றின் தண்டை மற்றொன்றின் உருளையில் போடலாகாது. பிறவியிலேயே இணை சேர்த்தவை.

ஓட்டுநர் இதுவரை பொறுத்திருந்தார்.

"பாய், மேடு ஏற மாட்டேங்குது. அப்படியே கொஞ்சம் டீசல் கூட்டி வுடு பாய்."

"கூட்டலாம்பா. கூட்டுற டீசலு எங்க எரியும்? காத்து அதே காத்துதானே?"

இதற்கு மேல் ஒரு பேராசிரியர் விளக்க முடியாது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய 14 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் இழுக்கும் காற்றோ மாறாது. திருகாணியைச் சுற்று கூட்டினால் முதலில் இழுவை கூடுவது மெய்தான். அந்த எல்லைக்கு அப்பால் ஊற்றுவது பாதி வெந்து புகையாகும். மீதி வெப்பமாகி வால்வையும் பிஸ்டனையும் தின்னும். பாய் ஆறு மட்டங்களையும் சமன் செய்து, திருகாணியில் கம்பி கோத்து ஈயமுத்திரை வைத்துவிட்டார்.

பம்பை வண்டியில் ஏற்றியபின் நேரம் வைப்பது. முதல் சிலிண்டருக்குரிய டெலிவரி வால்வைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் அன்னக்கழுத்துப் போல் வளைந்த சிறு குழாயைப் பூட்டுகிறார்கள். டீசல் அதில் நூலாக ஓடும். எஞ்சினை மெல்ல மெல்லத் திருப்பினால் நூல் மெலிந்து சொட்டாகும், சொட்டும் நிற்கும். நிற்கும் அக்கணமே தெளிப்பு தொடங்கும் கணம். பிஸ்டன் உச்சியை அடைவதற்குக் குறித்த பாகை முன்னதாக அது நிகழ வேண்டும். முந்தினால் எஞ்சின் சுத்தியல் போல் தட்டும். பிந்தினால் நெருப்பு வேலை செய்யாமல் புகைபோக்கி வழியே போய்விடும். பாய் கண்ணை இடுக்கிக்கொண்டு சொட்டுகளை எண்ணினார். நாம் நாலடி தள்ளி நின்று, காரணமின்றி மூச்சை அடக்கிக்கொண்டோம்.

அடுத்த மாதக் கணக்கு: லிட்டருக்கு 3.9. நாலாயிரம் கிலோமீட்டருக்கு 186 லிட்டர் மிச்சம்; ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பாய் வாங்கிய கூலியையும் உதிரிப்பாக விலையையும் இரண்டே மாதத்தில் ஈட்டிவிட்டோம். இழுவையும் முன்னிலும் மேல் என்று ஓட்டுநரே ஒப்புக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஐந்தாறு மாதம் கழித்து மறுபடியும் கரும்புகை. பாய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஈயமுத்திரை தம்முடையது அன்று என்றார். வேறெங்கோ திறந்து, டீசல் கூட்டி, புது முத்திரை வைத்திருக்கிறார்கள். தமையனாருக்கு வந்த சினம் பெரிது. ஓட்டுநர் மறுக்கவில்லை. "குவாரிக் குழியில வந்து ஒருநாள் நில்லுங்க மொதலாளி" என்றார்.

சென்று நின்றோம். உத்திரமேரூர்ப் பக்கத்துக் குவாரி அது. அடியாழத்திலிருந்து மேலே வரும் மண்பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெற்றிடம். சட்டம் அனுமதிக்கும் பாரத்துக்கு மேல் ஏற்றிய வண்டி முதல் கியரில் முக்கி முக்கி ஏறுகிறது. பாதி மேட்டில் எஞ்சின் அணைந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதத்தின் லிட்டர்க் கணக்கு எழுதிய நம் நோட்டுப் புத்தகத்தில் இந்த மேடு இல்லை. அவர் கேட்ட கூடுதல் சொட்டு பேராசையால் கேட்டதன்று என்பது நமக்கு அங்கே விளங்கிற்று. உமணர் தம் வண்டியில் சேம அச்சுக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றில் பாடம் நடத்தியிருக்கிறோம். இவர் இருக்கைக்கு அடியில் சேம நாசிலும், கல் அடைக்கும் கட்டையும் வைத்திருந்தார்.

அன்றிரவு தமையனார் மூன்று யூனிட் சுமையை இரண்டரை யூனிட்டாகக் குறைத்தார். குவாரிக்காரர் முணுமுணுத்தார், நடை வாடகை குறைந்தது. பாய் திருகாணியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து முத்திரை வைத்தார். ஓட்டுநர் பின்னர் அதைத் தொடவில்லை. கடன் எதிர்பார்த்ததைவிட ஓராண்டு தாமதமாக, 2015-ல் அடைந்தது. வண்டியை மறுவருடம் ஒரு செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்பனைக்கு வரும் லாரிகளில் இவ்வேலைக்கு இடமில்லை. சொட்டின் அளவையும் நேரத்தையும் கணினி முடிவு செய்கிறது. மடிக்கணினியோடு வந்து அதன் கணக்கை மாற்றி எழுதித் தருவோரும் உண்டு, இழுவை கூடும் என்று சொல்லி. திருகாணிக்குப் பதில் அது. பாயின் மேடைக்கு இப்போது வருபவை டிராக்டர்கள், ஜெனரேட்டர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள்.

சென்ற மாதம் அவ்வழியே போனபோது மேடையில் அப்படியொரு பம்ப் ஏறியிருந்தது. நான்காவது குழாயில் மட்டும் டீசல் அரை விரற்கடை தாழ்ந்து நின்றது. பாயின் பேரன் திருப்புளியை எடுத்தான். "அத்தத் தொடாதே, மொதல்ல டெலிவரி வால்வக் கழட்டிப் பாரு" என்று நாற்காலியில் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.