சுறா மீன்களுக்கு மேலே நாலு நாள்!

கோலாலம்பூர் போகிறவர்கள் பொதுவாக மூன்று காரியம் செய்வார்கள். ரெட்டைக் கோபுரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, கோபுரமும் மூஞ்சியும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று போட்டோ எடுப்பவரைத் தரையில் படுக்க வைப்பார்கள். பத்துமலையில் 272 படி ஏறி, பாதியில் குரங்கிடம் வாழைப்பழத்தைப் பறிகொடுப்பார்கள். பெட்டி நிறைய சாக்லேட்டும் கோடாலித் தைலமும் வாங்கி, ஏர்போர்ட் எடை மெஷினைப் பார்த்ததும் பாதியை பேன்ட் பாக்கெட்டுக்கு மாற்றுவார்கள்.

2014 ஆகஸ்ட்டில் நான் போனது நாலாவது காரியத்துக்கு. பேச்சு கேட்க!

"பேச்சு கேக்கறதுக்கு எதுக்குடா பாஸ்போர்ட்டு? அதான் வீட்லயே கிடைக்குதே" என்றார் அம்மா. அந்த வருஷம் மார்ச்சில்தான் ஒரு மலேசிய விமானம் காணாமல் போயிருந்தது. ஜூலையில் இன்னொன்றை உக்ரைன் வானத்தில் சுட்டு வீழ்த்தியிருந்தார்கள். அம்மா நெற்றியில் விபூதி பூசியது போதாமல், பையிலும் ஒரு பொட்டலம் போட்டு அனுப்பினார்.

போனது டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாநாட்டுக்கு. ரொட்டி வாட்டுகிற சமாசாரம் அல்ல. விருந்துகளில் கோப்பையை உயர்த்தி, நாலு வார்த்தை பேசி, அடுத்தவரைப் பேச அழைப்பவருக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் சான்டா அனா என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஆரம்பித்த பேச்சுப் பழகும் கிளப். பிறகு உலகம் பூரா கிளை விட்டது. சென்னையிலும் நிறைய இருக்கிறது. வருஷா வருஷம் மாநாடு போடுவார்கள்; கடைசி நாளில் உலகப் பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்று. அது ஆசியாவுக்கு முதல் தடவையாக வந்தது 2014-ல், ஆகஸ்ட் 20 முதல் 23 வரை.

கிளப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல ஆபீஸ் ஆசாமிகள். ஆனால் மாநாட்டில் வகுப்பு எடுப்பவர்கள், புத்தகம் விற்பவர்கள், வராந்தாவில் கை குலுக்குபவர்கள் மத்தியில் பேச்சையே பிழைப்பாக வைத்திருக்கும் ஜாதி நிறைய. அந்த ஜாதிக்கு ஆதி புருஷர் மாதிரி ஒருவர் உண்டு. கேவட் ராபர்ட் என்று பெயர். வக்கீல். 1942-ல் இதே டோஸ்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் ஜெயித்தவர். 1973-ல் அரிசோனாவில் தொழில்முறைப் பேச்சாளர்களுக்கு என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். இருக்கிற தோசையில் யாருக்கு எத்தனை விள்ளல் என்று அடித்துக்கொள்ளாமல், கல்லைப் பெரிசாக்கி பெரிய தோசையாக வார்ப்போம் என்பது அவர் கட்சி (அமெரிக்கர் என்பதால் தோசைக்கு பதில் 'பை' என்றார்). போட்டியாளனுக்கே தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கிற பழக்கம் அங்கே அப்படித்தான் வந்தது. நம் ஊர் பட்டிமன்ற மேடையில் ஒருவர் ஜோக்கை இன்னொருவர் எடுத்துவிட்டால் எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாநாடு நடந்த கன்வென்ஷன் சென்ட்டர், ரெட்டைக் கோபுரத்திலிருந்து ஒரு பூங்காவைத் தாண்டினால் வந்துவிடும். வெயில் வேண்டாமென்றால் சுரங்கப்பாதையில் ஏ.சி.யிலேயே நடக்கலாம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மீன் காட்சியகம். பெரிய கண்ணாடிச் சுரங்கம், தலைக்கு மேல் சுறா மீன்கள். ஆக, கீழே சுறாக்கள். மேலே நூற்றுக்கணக்கில் பேச்சாளர்கள். எது ஆபத்து என்று சொல்வதற்கில்லை.

என்னோடு வந்தவர் குரோம்பேட்டை நண்பர். பெயர் வேண்டாம், அவருடைய மேனேஜர் இந்தப் பத்திரிகை படிக்கிறவர். ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். கணக்கில் புலி. மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் எழுந்து நின்றால் மட்டும் புலி பூனையாகி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடும். இரண்டு தடவை பிரமோஷன் இவரைத் தாண்டிக் குதித்து, இவரிடம் வேலை கற்ற பையன்களிடம் போய்ச் சேர்ந்தது. தங்கை கல்யாணத்துக்கென்று போட்டு வைத்திருந்த ஆர்.டி.யை உடைத்துக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் சொன்னது 'ஆபீஸ் டிரெய்னிங்'.

"தை மாசம் தங்கச்சிக்கு முகூர்த்தம் சார். அதுக்குள்ள இந்தப் பணத்தை எப்படியாவது திரும்ப எடுத்தாகணும்" என்று விமானத்திலேயே ஒரு முறை சொன்னார். அப்புறம் நாலு நாளும் அதைச் சொல்லவில்லை. சொல்லாதபோதுதான் எனக்கு பயமாக இருந்தது.

முதல் நாள் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும், கல்யாண வீட்டு பஃபேயில் முதல்முதலாக நுழைந்தவர் மாதிரி எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். நானும் பி.காம். என்பதால் அவர் மனக்கணக்கு எனக்குப் புரிந்தது. கட்டணத்தை அமர்வுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பேச்சின் அடக்க விலை; எவ்வளவு அதிகம் கேட்கிறோமோ, அவ்வளவு விலை குறையும்! ஒரு ஹாலிலிருந்து இன்னொரு ஹாலுக்கு ஓட்டம். சாயங்காலத்துக்குள் ஒரு முழு நோட்டு காலி. ராத்திரி எடுத்துப் படித்தால், சிரியுங்கள், கண்ணைப் பாருங்கள், நடுநடுவே நிறுத்துங்கள் என்று ஏழெட்டு இடத்தில் ஒரே சரக்கு.

அன்று ராத்திரி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஒட்டுக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பழைய காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடமாம். இப்போது பூக்கடை, நகைக்கடை, மிளகாய்ப் பொடி மில், சினிமாப் பாட்டு எல்லாம் நம் பாஷையில். கழுத்தில் மாநாட்டு அட்டையோடு ஒரு அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தார். ரிடையரான பள்ளிக்கூட டீச்சர், மாநாட்டில் தொண்டர் வேலை. எங்கள் அட்டையைப் பார்த்ததும், "தமிழ்நாடா? நல்லா பசியாறுங்க தம்பி" என்றார்.

நண்பர் பெருமையாக நோட்டைக் காட்டினார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து அழகா இருக்கு. இன்னைக்கு எத்தனை பேர்கூட பேசுனீங்க தம்பி?" என்று கேட்டார்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

"மேடையில பேசுறத கேசட்டுலகூட கேட்டுக்கலாம். எதிர்ல இருக்கற மனுஷன எந்தக் கடையில வாங்குவீங்க? நாளைக்கு எதுக்கு வந்தீங்கன்னு ஒரே ஒரு கேள்விய வெச்சுக்கிட்டு, அதையே பத்து பேர்கிட்ட கேளுங்க" என்றார். தே தாரிக் வந்தது. எங்களுக்கும் சேர்த்து அவரே பணம் கொடுத்துவிட்டார். ரிங்கிட் அப்போது ஏறக்குறைய 19 ரூபாய் என்பதால் நாங்கள் பலமாக மறுக்கவில்லை.

மறுநாள் நண்பர் பாதி டிக்கை அடித்துவிட்டு ஒரு கேள்வியோடு கிளம்பினார்: 'எழுந்து நின்றதும் முதல் அரை நிமிஷம் என்ன செய்வீர்கள்?' சாப்பாட்டு மேஜையில் நம் ஊர்க்காரர்கள் எல்லாம் ஒரே வட்டமாக உட்கார்ந்து சாம்பாருக்கு ஏங்கிக்கொண்டிருக்க, இவர் தட்டை எடுத்துக்கொண்டு தெரியாத மேஜைக்குப் போனார். போகும்போது தட்டு நடுங்கியது. ஒரு ஜப்பான்காரர், முதல் வரியைப் பேப்பர் பார்க்காமல் சொல்லப் பழகிவிட்டால் போதும், மிச்சத்தைப் பார்த்துப் படித்தால்கூட யாரும் கோபிக்கமாட்டார்கள் என்றாராம். ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர், எழுந்ததும் தண்ணீர் டம்ளரைத் தொடவே தொடாதே என்றாராம். இந்த இரண்டாவது, என் நண்பருக்கென்றே பிரத்தியேகமாகத் தைத்த சட்டை!

நான் கண்டுபிடித்தது வேறு. எட்டே காலுக்கு ஒரு ஹாலில் எட்டிப் பார்த்தேன். ஒன்பது மணிக்குப் பேச வேண்டியவர், காலி ஹாலில் தன்னந்தனியாக இருந்தார். மேடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்தார். எந்தப் பலகை 'க்ரீச்' என்கிறது என்று மிதித்துப் பார்த்தார். கைதட்டி எதிரொலி கேட்டார். அப்புறம் இறங்கிவந்து கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்து பார்த்தால் பேசுபவன் எவ்வளவு சிறிசாகத் தெரிவான் என்று பார்த்தார். ஒன்பது மணிக்கு அதே ஆள், அப்போதுதான் மனசில் தோன்றியது போலப் பேசினார். பேச்சு சுமார். அந்த முக்கால் மணி நேரம் பிரமாதம். நண்பரையும் மறுநாள் எழுப்பி இழுத்துப் போனேன்.

மாநாடுகளில் ஸ்டால்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் உஷார். நல்ல பேச்சு கேட்டுவிட்டு வெளியே வருகிறவன், கோயிலில் கற்பூரம் ஒற்றிக்கொண்டு வருகிறவன் மாதிரி. எந்தத் தட்டிலும் காசு போட்டுவிடுவான். கடைசி நாள் மத்தியானம் வரை பர்ஸைத் திறக்காமலிருந்தால், வாங்கத் தோன்றும் புத்தகங்கள் பதினொன்றிலிருந்து இரண்டாகிவிடும்.

மூன்றாம் நாள், 22-ம் தேதி வெள்ளிக்கிழமை. ஓர் அமர்வைக் கத்தரித்துவிட்டு, ஊர் பார்க்கலாம் என்று ரயில் நிலையத்துக்குப் போனேன். அங்கே டிரைவரே இல்லாமல் ஓடுகிற ரயில். முன் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்க சின்னப் பிள்ளைகளோடு நானும் போட்டி போடுவேன். அன்று யாரும் போட்டி போடவில்லை. கறுப்பு உடைகள். அரைக் கம்பத்தில் கொடிகள். ஜூலை 17-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தில் இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். அவர்களில் முதல் 20 பேருடைய உடல்கள் அன்று காலைதான் ஊர் திரும்பின. தேசிய துக்க தினம்.

பதினொரு மணிக்குச் சற்று முன் எல்லாம் நின்றது. ரயில்கூட நின்றது. பிளாட்பாரத்தில் ஒரு சீனத் தாத்தா தொப்பியைக் கழற்றினார். முக்காடிட்ட பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் மூட்டை தூக்கி வந்த தமிழ்ப் பையன் மூட்டையை இறக்கவில்லை. அப்படியே தோளில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷம். மூன்று நாளாகக் காதில் விழுந்த அத்தனை பேச்சும் அந்த ஒரு நிமிஷத்தில் வடிந்துபோயிற்று. அப்புறம் ரயில் கிளம்பியது. நான் ஏறவில்லை. ஊர் பார்க்கும் எண்ணம் போய்விட்டது. சட்டைப்பையில் அம்மாவின் விபூதிப் பொட்டலம் இருந்தது.

சனிக்கிழமை இறுதிப் போட்டி. ஆளுக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிஷம். ஐந்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. ஏழரையைத் தாண்டினால் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் ஆட்டம் காலி. நம் மேடைகளில் துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். பேச்சாளர் அதை வாங்கி, வாசித்து, "நேரமில்லை என்கிறார்கள்" என்று அறிவித்துவிட்டு, அதைப் பற்றியே இன்னும் கால் மணி நேரம் பேசுவார். நம்மிலும் கறார் பேர்வழிகள் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் 1939-ல் கம்பன் திருநாளை ஆரம்பித்த சா. கணேசன் நேரத்துக்குப் பெயர் போனவர். அவர் இந்த விளக்குகளைப் பார்த்திருந்தால் ஒரு செட் வாங்கிப் போயிருப்பார்.

ஜெயித்தவர் இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி. கையில் ஒரு ரோஜாப்பூவோடு வந்து, இதழ்களைப் பிய்த்துப் போட்டார். பிறகு, இள வயதில் போலீஸ் ஸ்டேஷன் வரை போன தன் கதையையும், அப்படிப்பட்ட பையனிடமும் என்னமோ இருக்கிறது என்று நம்பிய பெற்றோரைப் பற்றியும் பேசினார். நண்பர் நோட்டைத் திறக்கவேயில்லை. விளக்கு போட்டபோது பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏ.சி. அதிகம் சார்" என்றார்.

ஊருக்கு வந்தபோது நண்பரிடம் முப்பத்துச் சொச்சம் விசிட்டிங் கார்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் அன்றன்றைக்கே பென்சிலில் குறித்திருந்தார்: 'ஜப்பான், சாப்பாட்டு மேஜை, முதல் வரி', 'ஆஸ்திரேலியா, தண்ணி டம்ளர்' என்று. பழைய லெட்ஜர் கை! அந்த வாரமே பதினோரு பேருக்கு மெயில் எழுதினார். பதில் போட்டது நாலு பேர். நாலில் ஒருவர், பினாங்கில் ஒரு பேங்க் கிளார்க், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கைப்பில் இவர் பேச்சைக் கேட்டுத் திருத்துவதாக ஒப்புக்கொண்டார். பதிலுக்கு இவர் அவர் பேச்சைக் கேட்க வேண்டும். ஆர்.டி.யை உடைத்துப் போனதில் கைக்கு வந்த லாபம் என்று நான் எழுதுவது அந்த ஒரு ஆளைத்தான்.

அக்டோபர் ரிவ்யூ மீட்டிங்குக்கு அரை மணி முன்னாலேயே போய், காலி ரூமில் மேனேஜர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அங்கிருந்து தான் எப்படித் தெரிவோம் என்று பார்த்திருக்கிறார். டீ கொண்டுவந்த பையன் பதறிப்போய் டிரேயோடு திரும்பி ஓடிவிட்டான். மீட்டிங்கில் தண்ணீரைத் தொடாமல் ஆறு நிமிஷம் பேசினார். மேனேஜர் வாட்சைப் பார்த்துவிட்டு, "அவ்ளோதானா? அப்ப ஒரு காப்பி சொல்லலாமே" என்றார். அந்த வருஷமும் பிரமோஷன் வரவில்லை. தங்கை கல்யாணத்துக்கு ஆபீஸ் சொஸைட்டியில் கடன் வாங்கித்தான் சமாளித்தார். பிரமோஷன் வந்தது அடுத்த ஏப்ரலில். கடன் அடைந்தது அதற்கும் ஒரு வருஷம் கழித்து.

இப்போது புனேயில் இருக்கிறார். போன வாரம் போன் பண்ணி, பினாங்கு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார். நாற்பது நிமிஷம் பேசினார். சிவப்பு விளக்கு போடத்தான் ஆளில்லை.