செவியின் வழி

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் தோளைத் தொடும்படி காது வளர்த்த மூதாட்டியர் இன்றும் ஒருசிலர் நம் கண்ணில் படுகின்றனர். பச்சிளம் பருவத்திலேயே காது குத்தி, துளையில் பஞ்சு வைத்து, ஓலைச்சுருள் செருகி, ஈயக் குணுக்கு மாட்டி வளர்த்த காது அது. தண்டட்டியும் பாம்படமும் ஆடிய அக்காதைப் பின்னாளில் பலர் மருத்துவரிடம் சென்று அறுத்துத் தைத்துக்கொண்டனர்.

வெளியே நிகழ்ந்த இம்மாற்றத்தை ஊரே அறியும். உள்ளே செல்லும் வழியும் வாழ்நாளில் உருமாறுகிறது என்பதை யார் எண்ணுகிறோம்? பிறந்த குழந்தைக்கு அவ்வழி மிகக் குறுகியது. எலும்புச் சுவர் இன்னும் உருவாகியிராது. ஆகவேதான் சிறு பிள்ளைக்குச் சொட்டு மருந்து விடும் செவிலியர் காதைக் கீழ்நோக்கிப் பின்னே இழுக்கின்றனர், பெரியவர்க்கோ மேல்நோக்கி. வளர வளர அது நீண்டு, வளைந்து, ஏறத்தாழ 2.5 செ.மீ. ஆகிறது. அதில் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, எஞ்சியது எலும்பு. (குளிப்பாட்டியதும் பிள்ளையின் காதில் எண்ணெய் ஊற்றும் பாட்டிமாரே, மருத்துவர்கள் அதை வேண்டாமென்கிறார்கள்!)

முதுமையில் குருத்தெலும்பு தளர்கிறது. மடல் தொங்குகிறது, சிலருக்கு வழியின் வாயே ஒடுங்கிவிடுகிறது. குறும்பி உலர்ந்து அடைக்கிறது. அதைக் கோழியிறகால் குடைவது அடைப்பை இன்னும் உள்ளே தள்ளுவதேயாகும்.

நம் பங்கில் ஒரு மூதாட்டி, மகன் வாங்கித் தந்த காதுக் கருவியைச் சுருக்குப்பையில் முடிந்துவைத்திருந்தார். "கீச்சுகீச்சுன்னு கத்துது சாமி" என்றார். வீட்டார் பேசும்போதெல்லாம் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே ஆண்டுகளைக் கழித்திருக்கிறார். பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்த செய்தியும் அவருக்குக் கடைசியாகவே எட்டியது. மகனுக்கோ, பணம் வீணாயிற்றே என்னும் சினம்.

செவித்திறன் வல்லுநர் சோதித்ததில், கருவியில் பழுதில்லை எனத் தெரிந்தது. காதுக்குள் பொருத்தும் அச்சு பழையது, காது மாறிவிட்டது. இடைவெளியில் கசிந்த ஒலி மீண்டும் கருவிக்குள் புகுந்தே கீச்சிட்டிருக்கிறது. வளரும் குழந்தைகளுக்குச் சில மாதங்களுக்கொருமுறையே அச்சை மாற்ற வேண்டுமாம். முதியோர்க்கும் அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதை அவ்வீட்டாருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

புதிய அச்சு வந்தது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்மூதாட்டி நம்மிடம் வந்து, மறையுரை சற்று நீளம் என்றார்.