அரியர் கிளியர் ஆகலை

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு பூனை இருக்கு. பெயர் அரியர். எத்தனை தடவை விரட்டினாலும் திரும்ப வந்து நிற்கும், அதனால் அந்தப் பெயர். உங்க காலேஜிலும் இப்படி ஒண்ணு கட்டாயம் இருக்கும்.

ஏழாவது செமஸ்டர் ஆரம்பத்தில் அரியர் ஓயாமல் காதைச் சொறிய ஆரம்பித்தது. தலையை உதறும், சொறியும், மறுபடி உதறும். பிடித்துப் பார்த்தால் காதுக்குள் ஃபில்டர் காபி மண்டி மாதிரி கறுப்பாக அப்பியிருந்தது. கூகுள் பண்ணினேன். இயர் மைட்ஸ். எட்டுக் கால், சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம், அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

பாட்டிக்கு போன் பண்ணினேன். மைட்டுக்குத் தமிழில் என்ன என்று தெரியாமல் "காதுல பூச்சி பாட்டி" என்றேன். "தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு விடுடா, சரியாப் போயிடும்" என்றார். யூடியூபும் அதையே சொன்னது. கூடவே பூண்டு போடு, டீ ட்ரீ ஆயில் கலந்துக்கோ என்றது. மெஸ் அண்ணனிடம் பூண்டு கேட்கக் கூச்சமாக இருந்ததால் விட்டுட்டேன். அந்தக் கூச்சம்தான் பூனையைக் காப்பாற்றியது. பூண்டும் டீ ட்ரீ ஆயிலும் பூனைக்கு விஷம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மூன்று நாள் எண்ணெய் விட்டு, பஞ்சால் துடைத்தேன். கறுப்பு போச்சு, சொறிவதும் குறைந்தது. "அரியர் கிளியர்" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். எல்லாரும் ஹார்ட் போட்டாங்க.

பத்தே நாளில் திரும்ப சொறிய ஆரம்பித்தது. நானும் திரும்ப எண்ணெய் விட்டேன். ஒரு காலையில் பார்த்தால் இடது காது மடல் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

மெஸ்ஸில் காய்கறிக் கூடையை வாங்கி, மேலே துண்டைக் கட்டி, அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போனோம். உதறி உதறி மடலுக்குள் ரத்தம் கட்டியிருக்கு என்றார் டாக்டர். ஊசி வைத்து ரத்தத்தை எடுத்தார். பிடரியில், அது நக்க முடியாத இடத்தில், மருந்துச் சொட்டு விட்டார். கூடத் திரியும் பூனைகளுக்கும் போடணும், இல்லைன்னா மறுபடி ஒட்டிக்கும் என்றார்.

எண்ணெய் சுத்தமாக வேஸ்ட் இல்லை. அழுக்கை இளக்கும், சில மைட்டை மூச்சுத் திணற வைக்கும். ஆனால் முட்டை அப்படியே இருக்கும். முட்டை வளர்ந்து முழு மைட் ஆக ஏறக்குறைய மூன்று வாரம். நான் மூன்றாவது நாளே நிறுத்தியிருந்தேன். செவிப்பறை கிழிந்திருந்தால் அதே எண்ணெய் உள்ளே போய் இன்னும் கெடுத்திருக்கும். அது கிழிந்திருக்கா இல்லையான்னு நான் பார்க்கவே இல்லை. ஒரு தடவை அவுட்புட் வந்தால் ப்ராஜெக்ட் முடிஞ்சுதுன்னு நாம நினைப்போமே, அதே தப்பு.

அதனால், காபி மண்டி மாதிரி எதையாவது பூனைக் காதில் பார்த்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்க. பட்ஸை உள்ளே விட்டுக் குடையாதீங்க, அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். பாட்டியிடமும் கேளுங்க, தப்பில்லை. ஆனால் டாக்டர் பார்த்த பிறகு.

அரியர் இப்போ நல்லா இருக்கு. இடது காது மட்டும் கசங்கிய பேப்பர் மாதிரி சுருங்கிப்போச்சு, இனி நிமிராது. தயிர்ச் சாதத்தோடு போனால் ஓடி வரும். கையில் பாட்டில் இருந்தால் மட்டும் என் பக்கமே வராது.