உருண்டையும் பட்டையும்

ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்ட தம்பியிடம், டென்னிஸ் மட்டையின் நரம்பைப் பற்றி எழுதித் தரட்டுமா என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. "அண்ணே, இது தமிழ்மொழிக் கழக இதழ்" என்று மெதுவாக நினைவூட்டினார். சரி, தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

மட்டையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதை நம் பிள்ளைகள் 'ஸ்டிரிங்' என்பார்கள். மலாயில் 'தாலி'. "தாலி அறுந்துபோச்சு, மாத்தணும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் என் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். அப்பா மட்டும் 'நரம்பு' என்பார். ஈப்போவில் ஒரு மன்றத்தில் டென்னிஸ் திடல்களைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. கோடு போடுவது, வலை கட்டுவது, பந்து பொறுக்குவது, துரைமார்களின் மட்டைக்கு நரம்பு கட்டுவது எல்லாம் அவர்தான். 1970களில் நல்ல மட்டைக்குக் கட்டியது உண்மையிலேயே நரம்புதான். மாட்டுக் குடலை முறுக்கிச் செய்தது. பிரான்சு நாட்டு லியோன் நகரின் பாபொலா நிறுவனம், 1875இல் டென்னிஸுக்கு நரம்பு செய்யத் தொடங்கும் முன்னர் இசைக்கருவிகளுக்குக் குடல் நரம்பு செய்துகொண்டிருந்தது. யாழின் நரம்பு என்று சொன்ன நம்மவர்கள் டென்னிஸ் மட்டையைப் பார்த்திருந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள். அப்பா யாழைக் கண்டவரல்லர். ஆனாலும் சொல் சரியாக வந்து விழுந்துவிட்டது.

பாலியஸ்டர் நரம்பை மட்டும் அவர் நரம்பு என்று ஒப்புக்கொண்டதே இல்லை. முதன்முதலில் ஒரு சுருளை அவர் கையில் கொடுத்தபோது விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "மீன் பிடிக்கிற தூண்டில் நூல்டா இது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு படித்த 2011இல், பழைய நரம்பு கட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். மின்சாரம் தேவையில்லை, ஒரு கம்பியில் எடைக்கல்லை நகர்த்தி வைத்தால் அது கீழே சாய்ந்து நரம்பை இழுக்கும். விடுதி அறையில் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே அதை வைத்தேன். மட்டைக்குப் பத்து வெள்ளி கூலி. பட்டம் பெறும்வரை என் சாப்பாட்டுச் செலவில் பெரும்பகுதி அந்த எடைக்கல்லிலிருந்துதான் வந்தது. யாருடைய மட்டை, எத்தனை பவுண்டு இழுவிசை, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். கடைசிக் கட்டத்தில் 'உ' அல்லது 'ப' என்று ஓர் எழுத்து இருக்கும். உ என்றால் உருண்டை. ப என்றால் பட்டை.

பட்டை என்றது என் சொல்தான். பாலியஸ்டர் நரம்பு ஒற்றை இழை. அதை வெட்டிக் குறுக்கே பார்த்தால் பெரும்பாலும் வட்டமாக இருக்கும். சிலவற்றை வேண்டுமென்றே பட்டை பிடித்து வார்க்கிறார்கள். கோயிலில் எட்டுப் பட்டைத் தூண் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதையே ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ, அதுதான் பாபொலாவின் ஆர்பிஎம் பிளாஸ்ட். டெக்னிஃபைபரின் பிளாக் கோடுக்கு ஐந்து பட்டை, சொலிங்கோவின் டூர் பைட்டுக்கு நான்கு. லக்சிலான் நிறுவனத்தின் அலு பவரும் யோனெக்ஸின் பாலி டூர் புரோவும் உருண்டை.

எட்டுப் பட்டைக்கு அன்று எங்கள் விடுதியில் இருந்த மவுசைச் சொல்லி முடியாது. காரணம் ரஃபேல் நாடால். 2010இல் அவர் அந்தக் கறுப்பு நரம்புக்கு மாறியபோது, மாணவர் பாதிப் பேரும் மனத்தளவில் மாறிவிட்டார்கள். பந்தை அந்த விளிம்பு கடிக்கும், கடித்தால் சுழலும், சுழன்றால் கோட்டுக்குள் விழும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் பந்து சுழலும் கதை அவ்வளவு நேரானது அன்று. 1977ஆம் ஆண்டு அக்டோபரில், பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் இலீ நஸ்டாசே ஒரு விசித்திர மட்டையோடு களமிறங்கினார். 'ஸ்பகெட்டி மட்டை' என்று பெயர். அதில் நெடுக்கு நரம்புகள் இரு அடுக்காக இருக்கும். குறுக்கு நரம்புகளோடு பின்னப்படாமல், பந்து பட்டதும் தாராளமாக நழுவும். களிமண் திடலில் 53 ஆட்டங்களாகத் தோற்காதிருந்த கியேர்மோ விலாஸ், இரண்டு செட்டை இழந்தபின் வெறுத்துப்போய் விலகிக்கொண்டார். அந்த மாதமே அனைத்துலக டென்னிஸ் கூட்டமைப்பு அதற்குத் தடை போட்டது. பின்னாளில் அதிவேகப் படப்பிடிப்பை வைத்து ஆராய்ந்தவர்கள் கண்டதும் ஏறக்குறைய இதைத்தான். நரம்பு பந்தைப் பிடித்துக்கொள்வது பாதிக் கதைதான். பந்தோடு சேர்ந்து நெடுக்கு நரம்பு பக்கவாட்டில் நழுவி, பந்து மட்டையை விட்டுப் போகும் முன்பே வில் நாண்போலத் தெறித்துத் திரும்ப வேண்டும். பந்து நரம்பில் இருப்பதே வினாடியின் இருநூறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் போய்த் திரும்ப வேண்டுமானால் நரம்புக்கும் நரம்புக்கும் இடையே உராய்வு குறைவாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் வழுக்கும்; நைலான் அவ்வளவு வழுக்காது. 1997இல் உலகத் தரவரிசையில் 66ஆம் இடத்திலிருந்த குஸ்தாவோ குயேர்டன் லக்சிலான் நரம்போடு பிரெஞ்சுப் பொதுவிருதை வென்றபின் மற்றவர்கள் பாலியஸ்டர் பக்கம் திரும்பியதற்கு இந்த வழுக்கலும் ஒரு காரணம்.

இப்போது பட்டைக்கு வாருங்கள். விளிம்பு பந்தைப் பிடிக்கும் என்பது மெய். அதே விளிம்பு குறுக்கு நரம்பையும் பிடிக்கும் என்பதுதான் சிக்கல். புதிதாகக் கட்டியபோது வழுக்கிக்கொண்டு போய்வரும். சில மணி நேரம் ஆடியபின் ஒவ்வொரு சந்திப்பிலும் சின்னச் சின்னப் பள்ளம் விழும். நரம்பு நழுவிப் போகும், ஆனால் திரும்பாது. ஆட்டத்தின் நடுவே விரலால் நரம்பை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். உருண்டை நரம்பிலும் பள்ளம் விழும். ஆனால் என் நோட்டைப் புரட்டினால், உருண்டை கட்டியவர்கள் அந்த நிலைக்கு வர இன்னும் கொஞ்ச காலம் பிடித்திருக்கிறது. கட்டும் கைக்கும் இந்த வேறுபாடு தெரியும். உருண்டையைப் பின்னும்போது விரலிடுக்கில் பாம்புபோல ஓடும். நான்கு பட்டையைப் பின்னிய அன்று இரவு ரசம் சோறு பிசைந்தால் விரல் எரியும்.

அந்த வீராங்கனையின் கதைக்கு வருகிறேன். 2012இல் கூலிமிலிருந்து வந்த முதலாமாண்டு மாணவி. தந்தை லாரி ஓட்டுநர். பள்ளி ஆசிரியை வாங்கித் தந்த ஒரே ஒரு மட்டை. எங்கள் விடுதிகளில் மறு ஆண்டும் அறை கிடைக்க வேண்டுமானால் புறப்பாடப் புள்ளிகள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் அறை உறுதி. இல்லையேல் வெளியே வாடகைக்குப் போக வேண்டும். அதற்கு அவள் வீட்டில் வழியில்லை. அணித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

"அண்ணே, நாடால் போடற கறுப்பு நரம்பே போட்டுக் குடுங்க" என்று எழுபது வெள்ளியை எண்ணி மேசைமேல் வைத்தாள். வைத்த கையை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"முழங்கை வலிக்குதா தங்கச்சி?"

"இறுக்கிப் பிடிச்சாத்தாண்ணே."

மட்டையை வாங்கிப் பார்த்தேன். எட்டுப் பட்டைதான், எங்கோ ஒரு கடையில் 58 பவுண்டில் கட்டியது. நான்கு மாதமாகியும் அறவில்லை. நடு நரம்பை விரலால் ஒதுக்கினேன். ஒதுக்கிய இடத்திலேயே நின்றது. பாலியஸ்டர் அறும்வரை உயிரோடு இருப்பதில்லை. இழுவிசை போய்ச் செத்த பிறகும் கட்டையாக மட்டையில் கிடக்கும். ஒவ்வொரு அடியின் அதிர்வும் கைக்கு வரும்.

அணித்தோழி ஒருத்தியிடம் ஒரே மாதிரி மட்டைகள் இரண்டு இருந்தன. அவற்றை இரவல் வாங்கி, ஒன்றில் எட்டுப் பட்டையும் மற்றதில் கறுப்பு நிறத்திலேயே ஓர் உருண்டையும் கட்டினேன். இரண்டும் 1.25 மில்லிமீட்டர், இரண்டும் 50 பவுண்டு. எது எதுவென்று சொல்லவில்லை. முதல் மாலை பட்டைதான் அவளுக்குப் பிடித்தது. "பந்தைக் கடிக்குதுண்ணே" என்றாள். எனக்கும் தரையில் பட்டபின் பந்து கூடுதலாக எழுவதுபோலத்தான் தெரிந்தது. மூன்றாம் மாலையில் அதே மட்டையை எடுத்து நான்கைந்து பந்து அடித்துவிட்டு வைத்துவிட்டாள்; நரம்பெல்லாம் கோணிக் கிடந்தது. உருண்டை கட்டியது இடம் பெயராமல் இருந்தது. ஆனால் அதில் ஆடிய பிறகும் அவள் முழங்கையைத் தேய்ப்பது நிற்கவில்லை. 50 பவுண்டுக்கு இறக்கியும் இரண்டுமே அவள் கைக்கு ஒத்துவரவில்லை. எங்கள் விடுதியில் எத்தனையோ இரவு நடந்த உருண்டையா பட்டையா என்ற பட்டிமன்றத்தில் இந்தக் கோணத்தை யாரும் எழுப்பியதே கிடையாது.

அன்றிரவு அப்பாவுக்குத் தொலைபேசி போட்டேன்.

"பிள்ளைக்கு நரம்பு அறுதா?"

"இல்லப்பா. நாலு மாசமா அறல."

"அறாதவளுக்கு எதுக்குடா கம்பி? முதல்ல ஒரு வாரம் கைய சும்மா வைக்கச் சொல்லு."

அசல் குடல் நரம்பு போடலாம்தான். விலையைக் கேட்டால் அவளது ஒரு மாதச் சாப்பாடு போய்விடும். கோலாலம்பூரின் மாலை மழைக்கு அது தாங்கவும் தாங்காது. ஈரம் பட்டால் குடல் நரம்பு பிரியத் தொடங்கும். ஆகவே நெடுக்கே பல இழை நைலான், குறுக்கே உருண்டைப் பாலியஸ்டர் என்று முடிவு செய்தேன். நெடுக்கு 48 பவுண்டு, குறுக்கு 46. இந்த இடத்தில் பட்டைக்கு வேலையே இல்லை. மென்மையான நைலானை அதன் விளிம்பு அரம்போல அறுத்துவிடும்.

"நைலானா? அது சின்னப் பிள்ளைங்க போடறதுண்ணே" என்று முகத்தைச் சுளித்தாள். ரோஜர் ஃபெடரர் நெடுக்கே மாட்டுக் குடலும் குறுக்கே பாலியஸ்டரும்தான் போடுகிறார் என்றேன். அதன்பின் பேச்சில்லை. நாடாலை எதிர்க்க ஃபெடரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது!

ஒரு வாரம் ஓய்வெடுத்தாள். தேர்வில் ஒற்றையர் ஆட்டத்தில் தோற்றாள். இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நின்று அடித்ததைப் பார்த்துக் கடைசி இடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு அறையும் கிடைத்தது. நைலான் என்னவோ ஐந்து வாரத்தில் அறுந்துவிட்டது. அதற்கு அவள் என்னிடம் சண்டைக்கு வந்தது தனிக் கதை.

பட்டை நரம்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பொறியியல் துறையில் ஓர் அண்ணன் இருந்தார். தோளிலிருந்து சுழற்றி அடிப்பார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பறுந்த மட்டையோடு என் கதவைத் தட்டுவார். அவருக்கு நெடுக்கே பட்டை, குறுக்கே வழுக்கும் உருண்டை. பொருந்தியது. அவர் அடித்த வேகத்துக்கு அந்த விளிம்பு வேலை செய்தது. பள்ளம் விழுந்து கெடும் முன்னரே அறுந்தும் போனது. தொழில்முறை ஆட்டக்காரர்களும் இப்படித்தான். போட்டியில் முதல் ஏழு ஆட்டத்துக்குப் பிறகும், அடுத்து ஒவ்வோர் ஒன்பது ஆட்டத்துக்கும் புதுப்பந்து வரும். பலர் அப்போதே புது மட்டையும் எடுப்பார்கள். அவர்கள் அறிவதெல்லாம் புது நரம்பின் குணம் மட்டுமே. நாம் அதே நரம்பை வாங்கி நான்கு மாதம் வைத்திருந்து, வெயிலில் காரின் பின்பெட்டியிலும் போட்டுவிட்டு, நாடாலின் சுழற்சி வரவில்லையே என்றால் எப்படி வரும்?

200 மீட்டர்ச் சுருள் வாங்கினால் மட்டைக்குப் பன்னிரண்டு மீட்டர் கணக்கில் பதினாறு மட்டைக்கு வரும். நான்கு நண்பர்கள் சேர்ந்து மலிவான உருண்டைச் சுருள் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு மாதம் ஓடிவிடும். விலையுயர்ந்த எட்டுப் பட்டையை ஒருமுறை கட்டிவிட்டு அரையாண்டு காத்திருப்பதைவிட நன்றாக ஆடலாம். மாணவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 50 பவுண்டைத் தாண்டாதீர்கள் என்றும் சொல்வேன்.

நாடாலும் ஃபெடரரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். என் இயந்திரம் ஓய்வு பெறவில்லை. கூலிம் தங்கச்சி இன்று கெடாவில் ஆசிரியை. பள்ளிப் பிள்ளைகளின் மட்டைகளைப் பள்ளி விடுமுறைக்கு முன் கட்டாக அனுப்பி வைப்பாள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கும்: வயது, வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறான், கை வலி உண்டா இல்லையா. பெரும்பாலும் அடியில் 'நைலான்' என்றே எழுதியிருப்பாள். கடந்த முறை வந்த கட்டில் ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. "பதினாறு வயது. மூன்று வாரத்தில் இரண்டு முறை அறுத்துவிட்டான். பட்டைதான் வேண்டுமாம். நானும் பார்த்தேன், போடலாம் அண்ணா."

நெடுக்கே எட்டுப் பட்டை, குறுக்கே உருண்டை, 48 பவுண்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். குறுக்கு நரம்பைப் பின்னியது அப்பா. கண்ணாடி போட்டுக்கொண்டு, தூண்டில் நூல் என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னினார்.