ரோபோவுக்கு ஆஃப் சீசன் உண்டா?

மக்கா, ஜூன் மாசத்தில் களியக்காவிளை மார்க்கெட்டுக்குப் போய் மீன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். காரணம் நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். படகெல்லாம் கரையில் நிற்கும், ஆனால் மனிதர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். ஒரு பக்கம் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் பெயின்ட் வாசனை. கிழிந்த வலையை விரித்து வைத்துக்கொண்டு நாலு பேர் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்டில் பிடிக்கப்போகிற மீனில் பாதி அங்கேதான் உருவாகிறது.

"தலைப்பு ரோபோ, கதை மீனா?" என்று கேட்காதீர்கள். இஞ்சினியரிங் காலேஜ் ரோபோ டீம் ஒன்றின் வருஷமும் இதே மாதிரிதான் ஓடுகிறது.

ரோபோ என்றதும் நமக்கெல்லாம் 2010-ல் வந்த எந்திரன் சிட்டிதான் ஞாபகம் வரும். காலேஜ் ரோபோ அப்படி இருக்காது. அலுமினியச் சட்டம், நாலு சக்கரம், ஒயர்க் காடு. பாதி டீம்களில் காற்று அடைத்து வைக்க கூல்டிரிங்ஸ் பாட்டிலைத்தான் கட்டியிருப்பார்கள் (நிஜமாத்தான்!). அந்த அழுத்தக் காற்றுதான் ரோபோவின் கையைத் தூக்கும், பந்தை எறியும்.

இவர்களுக்கெல்லாம் பெரிய திருவிழா ரோபோகான். ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் நடத்தும் இந்தப் போட்டி 2002-ல் டோக்கியோவில் ஆரம்பித்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு நாடு நடத்தும். அந்த நாட்டின் விளையாட்டோ, திருவிழாவோ, கதையோதான் போட்டியாக மாறும். இந்தியாவில் இதைத் தேர்வு செய்து அனுப்புவது தூர்தர்ஷன். பல வருஷம் புனே பாலேவாடி விளையாட்டரங்கில் நடந்த தேசியப் போட்டி, 2019-ல் டெல்லிக்கு மாறியது.

சர்வதேசப் போட்டி இந்தியாவுக்கு மூன்று முறை வந்திருக்கிறது. 2008-ல் புனேயில் வைத்த போட்டியின் பெயர் 'கோவிந்தா'. நம்ம ஊர் உறியடிதான். தொங்கும் பானையில் இருந்து ரோபோ வெண்ணெய் எடுக்கவேண்டும். 2014-ல் மறுபடி புனே. இந்த முறை ஒரு பெற்றோர் ரோபோ, ஒரு குழந்தை ரோபோ. பெரியது சின்னதைப் பார்க்குக்குக் கூட்டிப்போய் சீசா, ஊஞ்சல் எல்லாம் விளையாட வைக்கவேண்டும். 2022-ல் டெல்லியில் 'லகோரி', அதாவது ஏழு கல். ஒரு ரோபோ பந்து எறிந்து அடுக்கைக் கலைக்கும், அதன் கூட்டாளி திரும்ப அடுக்கும், எதிரணி அதைத் தடுக்கப் பார்க்கும். சின்ன வயசில் தெருவில் மண்டை உடைந்த அதே ஆட்டம்தான்.

சீசன் எப்படிப் போகும்? விதிகள் வந்த அன்றைக்கே வாக்குவாதம் ஆரம்பிக்கும். எறிவதற்குக் காற்றா, ஸ்பிரிங்கா, சுழலும் சக்கரமா? முதலில் அட்டையிலும் பிளைவுட்டிலும் செய்து பார்ப்பார்கள். அப்புறம் அலுமினியம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மோட்டார், லேத்துப் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஷாஃப்ட். போட்டி நெருங்கும்போது தூக்கம் போகும். இன்டர்னல் மார்க்கும் கூடவே போகும். கடைசியில் டிரெயினில் ரோபோவைப் பிரித்து ஏற்றிக்கொண்டுபோய், சில நிமிஷ ஆட்டத்தில் ஒரு கனெக்டர் கழன்று எல்லாம் முடிந்துவிடும். மாசக்கணக்கான உழைப்பு, ஒரு கனெக்டர்!

போட்டோ, கேக், பேஸ்புக் லைக் எல்லாம் இதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு நடப்பதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆனால் டீம் சாவதும் பிழைப்பதும் அந்த மாதங்களில்தான்.

தோற்றுத் திரும்பி வந்த டீமில் பைனல் இயர் அண்ணன்மார் ஒரே மாசத்தில் காலேஜை விட்டுப் போய்விடுவார்கள். கோடு எழுதினவர் போனால் கோடு இருக்கும், ஆனால் அதில் ஏன் அந்த எண்ணைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. மோட்டாரை எந்தக் கடையில் மாற்றிக் கொடுப்பார்கள், எந்த சென்சார் வெயிலில் குழம்பும், எந்தப் பேராசிரியரிடம் எப்போது கையெழுத்து வாங்கலாம்... இதெல்லாம் தலைக்குள் இருக்கிற சொத்து. எழுதி வைக்கவில்லை என்றால் அவர்களோடு பஸ் ஏறிப் போய்விடும். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் அதே தப்பை முதலில் இருந்து செய்வார்கள்.

பி.காம். மக்களுக்கு ஒரு கணக்கு. டீமின் புத்தகத்தில் சீசன் முழுக்கச் செலவுப் பக்கம்தான். போட்டி முடிந்த மறுநாள் அந்த ரோபோவின் மதிப்பு என்ன? அடுத்த வருஷம் விதி மாறிவிடும். ஏழு கல் அடுக்கின ரோபோவை வைத்து ஊஞ்சல் ஆட முடியாது. பழைய இரும்புக் கடை விலைதான். அப்படியென்றால் போட்ட பணம் எங்கே போனது? பிள்ளைகளின் கைக்குள் போனது. அந்தச் சொத்தைப் பராமரிக்கிற காலம்தான் ஆஃப் சீசன்.

பராமரிப்பு என்றால் சின்னச் சின்ன வேலைதான். ரோபோவைப் பிரித்து மோட்டார், டிரைவர், சிலிண்டர் எல்லாவற்றையும் எண்ணி ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதுவது. லித்தியம் பாலிமர் பேட்டரியை முழு சார்ஜில் மாசக்கணக்கில் வைத்தால் உப்பிப் போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் கொண்டுவந்து வைப்பது. ஜூனியர்களுக்கு சால்டரிங் சொல்லிக் கொடுப்பது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கோடு பார்த்து ஓடும் குட்டி ரோபோவைக் காட்டுவது. தோல்விக்குக் காரணமான அந்தக் கனெக்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவைப்பது. இதில் எதற்கும் கைதட்டல் கிடையாது.

வியட்நாமைப் பாருங்கள். 2002-ல் முதல் ரோபோகான் கோப்பையை எடுத்தது அந்த நாடுதான். 2018 வரைக்கும் 7 முறை ஜெயித்தது. அதில் லக் ஹாங் பல்கலைக்கழகம் மட்டும் 2014, 2017, 2018 என்று மூன்று முறை. நாலு வருஷத்தில் மாணவர்கள் மாறிவிடுவார்கள், விதி வருஷா வருஷம் மாறும், ஜெயிப்பது மட்டும் மாறவில்லை. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது இல்லையா?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. போட்டி இல்லாத காலத்தில்தான் மைதானத்துக்கு வெளியே இருக்கிற வேலை கண்ணில் படும். களியக்காவிளையில் இருந்து சுமார் 30 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். 2018 பிப்ரவரியில் அங்கே ஒரு ரோபோ அறிமுகமானது. பெயர் பாண்டிகூட், பெருச்சாளி. செய்தது ஜென்ரோபோட்டிக்ஸ். குற்றிப்புரம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த காலத்தில் மனிதன் அணிந்துகொள்ளும் எந்திர உடலைச் செய்து பார்த்த பையன்கள் ஆரம்பித்த கம்பெனி அது. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளிகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற உள்ளே இறங்கிய நௌஷாத் என்ற ஆட்டோ டிரைவரும் இறந்தார். அந்தச் செய்தி இந்தப் பையன்களை விடவில்லை. இன்று பெருச்சாளி ரோபோ கேமராவோடு உள்ளே இறங்கி அடைப்பை அள்ளுகிறது. மேலே திரையைப் பார்த்து அதை இயக்குவது, முன்பு உள்ளே இறங்கிய அதே தொழிலாளிகள்.

நம்ம மாநிலத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு செப்டிக் டேங்குக்காக ஹோமோசெப் என்ற எந்திரத்தை உருவாக்கியது. இதுவும் ஒரு மாணவரின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாகத் தொடங்கியதுதான். குடை விரிவது போல உள்ளே விரியும் பிளேடுகள் கெட்டிப்பட்ட கசடைக் கலக்கும், பிறகு உறிஞ்சி எடுக்கலாம். 2022-ல் முதல் எந்திரங்களில் இரண்டு, இந்த வேலையில் கணவனை இழந்த பெண்கள் தலைமையில் நடக்கும் சுய உதவிக் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

மனிதனை வைத்துக் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனாலும் சாவு நிற்கவில்லை. சட்டத்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு எந்திரம் தேவைப்படுகிறது. வெண்ணெய் எடுக்கவும் ஏழு கல் அடுக்கவும் பழகின கைகளுக்கு அந்த வேலை ஒன்றும் அந்நியம் இல்லை. சிலிண்டர் அதேதான், மோட்டார் அதேதான். கப் மட்டும் கிடையாது.

அதனால் உங்க காலேஜில் ரோபோ டீம் இருந்தால், அவர்கள் தோற்றுத் திரும்பி வந்த வாரம் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். காமர்ஸ் பிள்ளைகளுக்கும் அங்கே வேலை உண்டு. ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுத, ஸ்பான்சர் லெட்டர் அடிக்க, ஜி.எஸ்.டி. பில்லைத் தேடி எடுக்க ஆள் இல்லாமல்தான் பாதி டீம் திணறுகிறது. வலை தைக்கிற நேரத்தில் கூட உட்கார்ந்தவனுக்கும் மீனில் பங்கு உண்டு மக்கா!