மாநிறத்துக்கு ஒரு பிரிண்ட்

"இது அவரில்லை, தம்பி."

டெலானிபூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ. கவுன்டருக்கு வெளியே நின்ற அம்மாள் பிரிண்ட்டை மெல்லக் கவிழ்த்து வைத்தார். கடைக்காரர் போனில் இருந்த படத்தை மறுபடி எடுத்துக் காட்டினார். அதே படம்தான். கடலை முதுகுக்குப் பின்னால் விட்டுச் சிரிக்கும் ஒரு மனிதர். பேரன் எடுத்தது. அதற்குப் பிறகு அவரைப் படம் எடுக்க யாருக்கும் வாய்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் நான்கு நாட்கள். மாலை போட ஒரு படம் வேண்டும்.

போனில் அவர் நல்ல கறுப்பு. எண்ணெய் தடவிய மரம் போல மினுங்குகிற கறுப்பு. காகிதத்தில் செங்கல் நிறமாகியிருந்தார். கடைக்காரர் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி இரண்டாவது பிரிண்ட் போட்டார். "இது யாரு, அவரோட தம்பியா?" என்றார் அம்மாள். கேலி இல்லை. கண் கலங்கியிருந்தது.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, இருபது வருடங்களுக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது புது அனுபவம். வழக்கமாக அவரிடம் வரும் கோரிக்கை நேர் எதிரானது: "கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்கண்ணே." தமிழில் ஆளைப் பற்றிப் பேசும்போது கலர் என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் வெளுப்பு. கறுத்த முகத்துக்குக் கலரே கிடையாது. கல்யாண ஆல்பமோ, வரனுக்கு அனுப்பும் படமோ, எதையும் இரண்டு தட்டலில் வெளுக்க வைத்துப் பழகிய கை அது. உள்ளது உள்ளபடி வேண்டும் என்று ஒருவர் கேட்டபோதுதான் கை தடுமாறியது.

தவறு முழுவதும் பிரிண்டருடையது அல்ல. திரை தானே வெளிச்சம் போடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி வெள்ளை காட்டுகிறது. காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை மை விழுங்கிவிட, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று அதன் கணக்கே வேறு. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். இரண்டும் ஒரே விடைக்கு வர வேண்டும் என்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை.

அந்த வேலைக்கு விதிகள் உண்டு. மனிதக் கண் நிறம் காணும் விதத்தை 1931லேயே எண்களாக்கினார்கள். ஒவ்வொரு கருவியும் தன் நிறக் குணத்தை ஒரு கோப்பாகச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டுக்காக, 1993ல் கம்ப்யூட்டர், போட்டோ நிறுவனங்கள் சேர்ந்து சர்வதேச நிறக் கூட்டமைப்பை உருவாக்கின. அந்தக் கோப்புக்குப் பெயர் ப்ரொஃபைல். டெலானிபூர் கடைக்காரர் அதுவரை அதைத் திறந்ததே இல்லை.

அதற்கும் முன்பே இருந்த கோணல் ஒன்று உண்டு. பிலிம் காலத்தில் லேப்கள் நிறத்தைச் சரிபார்க்க கோடக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்ற மாடலின் பெயரால் அதை ஷெர்லி அட்டை என்பார்கள். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் பள்ளமும் மேடும் தெரியாமல் ஒரே இருட்டாக வந்தால், அது முகத்தின் குறை. பழுப்பு நிறங்கள் சரியாக வருவதில்லை என்று கோடக்கிடம் பலமாக முறையிட்டவர்கள் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர மேஜை நாற்காலி விற்பவர்களும்தான். வெவ்வேறு நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

அன்றிரவு கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். வாங்கி வைத்து உறை பிரிக்காமல் கிடந்த நிறம் அளக்கும் கருவியைத் திரையில் தொங்கவிட்டார். அளந்ததில், திரை தேவைக்கு மேல் இரண்டு மடங்கு பிரகாசமாக இருந்தது தெரிந்தது. அதில் பார்த்துத் திருத்தினால் பிரிண்ட் இருண்டுதான் வரும். வெளிச்சத்தைக் குறைத்தார். பிறகு காகிதக் கம்பெனி தரும் ப்ரொஃபைலை இன்டர்நெட்டிலிருந்து இறக்கினார். 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு இதெல்லாம் நிமிட வேலை. போட்டுப் பார்த்தால் முகம் இன்னும் செங்கல். நள்ளிரவில்தான் பிடிபட்டது: கம்ப்யூட்டர் ஒரு முறை நிறத்தைத் திருத்துகிறது, பிரிண்டர் தன் பங்குக்கு மறுபடி திருத்துகிறது. பிரிண்டரின் திருத்தத்தை அணைத்தார்.

காகிதம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து வருகிறது. வீணாக்க மனம் வராது. டார்க் ரூம் காலத்துப் பழக்கப்படி முகத்தை மட்டும் ஐந்து பட்டைகளாக, ஐந்து அளவில் ஒரே தாளில் அடித்தார். மட் காகிதத்தில் கறுப்பு சாம்பலாகும் என்பதால் பளபளப்புக் காகிதம். வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் மை சீக்கிரம் உலராது. காலை வரை ஃபேன் காற்றில் விட்டார்.

ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. முகத்தின் நிறம் மைக்கு எட்டுகிற எல்லைக்குள் இருக்கிறது. பின்னால் இருக்கும் கடல் அப்படியில்லை. வெயிலில் உள்ளிருந்து ஒளிர்கிற அந்தப் பச்சை நீலத்தைத் திரை காட்டிவிடும். அவரிடம் இருந்த மையும் காகிதமும் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. கடலைத் துரத்தி நிறத்தை இழுத்தால் முகம் கெடுகிறது. முகத்தைக் காத்தால் கடல் மங்குகிறது. சுற்றுலாப் பயணிகளுக்குப் படம் போட்டே பிழைக்கும் அந்தமான் ஸ்டுடியோக்காரருக்கு, கடலை விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. விட்டுக்கொடுத்தார்.

டிசம்பர் மாதம். அந்தமானில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். டியூப் லைட்டில் ஒரு நிறம், பகலில் ஒரு நிறம் என்று தெரிந்துகொண்டவர், அம்மாளைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். வாசற்படி வெளிச்சத்தில் பட்டைகளை நீட்டினார். அவர் நான்காவதைத் தொட்டார். பிறகு விரலை எடுக்கவில்லை.

முழுப் பிரிண்ட்டைக் கொடுத்தபோது கடைக்காரர் தயக்கத்தோடு சொன்னார்: "கடல் மட்டும் கொஞ்சம் மங்கிப் போச்சும்மா."

அம்மாள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"கடல் இங்கேயேதானே இருக்கு, தம்பி. போய்ப் பாத்துக்கலாம்."